பின்பக்கம் நழுவிய தோள்

மழை விட்ட மறுநாள் காலை எனக்குக் கரண்ட் அடித்தது.

ஆந்திராவில் சித்தூர்ப் பக்கம் கங்காதர நெல்லூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். விவசாயத்துக்கு விடும் கரண்ட் வந்ததும் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும். எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் முருகேசன் தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அதனால் நான் ஓடினேன். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்திருந்தது. பச்சைப் பட்டனை அமுக்கக் கை வைத்தேன். பெட்டி என் கையைப் பிடித்துக்கொண்டது.

வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. விடு என்று மனசு சொல்கிறது, கை கேட்கவில்லை. வலது கை முழுவதும் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு நெஞ்சோடு ஒட்டப் பார்த்தது. தோளுக்குள் ஏதோ இடம் மாறியது எனக்கே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருக்கிறது. கரண்ட் நின்றது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வந்து தூக்கி, ஆட்டோவில் போட்டுச் சித்தூருக்குக் கொண்டுபோனார்கள்.

சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கரண்ட் அடித்தது என்று சொன்னதும் எல்லாரும் என் இதயத்தைத்தான் பார்த்தார்கள். நெஞ்சில் ஒயரை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரைக்கூடப் பார்த்தார்கள். கரண்ட் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், தசை வெந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் என்று விளக்கினார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தோளைப் பற்றி நான் சொன்னதும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றே ஒன்று, நேராக நிற்கவைத்து முன்பக்கம் பார்த்து.

எலும்பு டாக்டர் அந்தப் படத்தை விளக்கின் முன்னால் தூக்கிப் பிடித்தார். நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட அவர் பார்க்கவில்லை.

“ஏங் காலேதம்மா, எமுக பாகுந்தி” என்றார். ஒன்றும் ஆகவில்லை, எலும்பு நன்றாக இருக்கிறது. தசை இழுத்திருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் சரியாகும் என்று தெலுங்கிலேயே சொல்லி அனுப்பினார்.

சரியாகவில்லை. வலி குறைந்தது, ஆனால் கை திரும்பவில்லை. முழங்கையை இடுப்போரம் வைத்துக்கொண்டால் முன்கை வயிற்றின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை வெளிப்பக்கம் கொண்டுபோகப் பார்த்தால் ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடும். தலை வார முடியாது. கொடியில் துணி போட முடியாது. ரவிக்கையின் கையை நுழைக்க இன்னொருத்தர் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தோளில் வீக்கம் இல்லை, புடைப்பு இல்லை. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்பவள் போலத்தான் இருந்தேன். அதுதான் எனக்கு வினையாகிவிட்டது.

மறுபடி போனபோது டாக்டர் இன்னொரு பெயர் சொன்னார். தோள் உறைந்துவிட்டதாம். மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது, அடிபட்டுக் கையை ஆட்டாமல் வைத்திருந்தால் அந்தப் பை இறுகிப்போகும், பயிற்சி செய்தால்தான் இளகும் என்றார். அப்படி ஒரு நோய் உண்டு, நிறையப் பேருக்கு வருகிறது. எனக்கு வந்தது அது இல்லை.

“சார், வலின்னா பல்லைக் கடிச்சிக்கினு திருப்பிடுவேன். இது வலி இல்ல, உள்ளே இன்னாமோ முட்டுது” என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் முருகேசனைப் பார்த்தார். “பயம். கரண்ட் அடிச்ச பயம் மனசுல நின்னுபோச்சு. நீங்கதான் தைரியம் சொல்லணும்” என்று தமிழில் சொன்னார். எனக்கும் உறைக்கவேண்டும் என்றுதான் தமிழில் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் தைரியம் சொல்ல ஆரம்பித்தார்.

பிசியோதெரபி அறை அதே ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்தது. மெழுகை உருக்கித் தோளில் ஊற்றுவார்கள், கரண்ட் ஒத்தடம் கொடுப்பார்கள். கரண்டால் வந்த நோவுக்குக் கரண்டே வைத்தியம். அதன்பிறகு பயிற்சியாளர் என் முழங்கையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் முன்கையை வெளிப்பக்கம் தள்ளுவார். நான் அலறுவேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். முருகேசன் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒருநாள் பஸ்ஸில் திரும்பும்போது கேட்டார். “உனக்கு இன்னாடி பிரச்சினை? அந்த ஆளு சின்னப் பிள்ளைங்களுக்குப் பண்றான், அதுங்ககூட இப்பிடிக் கத்தல.”

“முட்டுதுன்னு சொல்றேனே.”

“டாக்டரு முட்டலன்றாரு. நீ டாக்டரா?”

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவருடைய அக்கா சுசீலா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். அவள் வாய் இன்னும் நீளம். “கரண்ட் அடிச்சவ எல்லாம் செத்தே பூடறாங்கோ. இவளுக்குத் தோளு மட்டும் நோவுதாம். களையெடுக்கிற நேரம் பார்த்து நல்லா நோவுது” என்று நான் கேட்கும்படியே பேசினாள். சொந்தக்காரர் ஒருத்தர், நாட்டு வைத்தியத்தில் எலும்புக்குக் கட்டும் புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது எதற்குக் கட்டு என்று முருகேசன் மறுத்துவிட்டார்.

இப்படியே அறுவடை முடிந்தது. சுசீலா அண்ணியின் பேரனுக்குக் காது குத்த எல்லாரும் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வரிசையில் நின்று உள்ளே போய்க் கும்பிட்டோம். தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்த ஐயர் என் முன்னால் நின்றார். நான் வலது கையை நீட்டினேன். உள்ளங்கை மேலே திரும்பவில்லை. புறங்கைதான் மேலே இருந்தது. உடம்பைச் சாய்த்துப் பார்த்தேன், திரும்பவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். இடது கையை நீட்டப் போனேன், அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“சாமிகிட்டயுமா வேஷம்?” என்று முருகேசன் என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார்.

தீர்த்தம் வாங்காமலே வெளியே வந்தேன். மறுநாள் அவர் வயலுக்குப் போனதும், பழைய எக்ஸ்ரே உறையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு சித்தூர் போய், அங்கிருந்து திருப்பதி பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள், வேண்டாம் என்றால் நான் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு வாங்கிக்கொண்டு எலும்புப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்தேன். அந்த வராண்டாவில் மனித உடம்பில் எங்கெல்லாம் மூட்டு இருக்கிறதோ அதெல்லாம் கெட்டுப்போய் வந்திருந்தது. மலைப்படியில் கால் பிரண்டு கணுக்கால் வீங்கிய பக்தர்கள், முழங்கால் தேய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஒரு பெரியவர். அவர்களுக்கெல்லாம் என்ன ஆனது என்று பார்த்ததும் தெரிந்தது. எனக்கு அவர்களைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மத்தியானம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். மேல்படிப்புப் படிக்கும் ஒரு பெண் டாக்டர். களைத்துப்போயிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொடவில்லை.

“முட்டுதுன்னு சொன்னீங்களே, எங்கே முட்டுது?” என்று கேட்டார். திருப்பதிக்காரர்களின் தமிழ். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. பதில் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். “அரசெய்யி பைக்கி திப்பண்டி” என்றார். உள்ளங்கைகளை மேலே திருப்புங்கள் என்று அர்த்தம். இடது கை திரும்பியது. வலது கை காணிப்பாக்கத்தில் நின்ற மாதிரியே நின்றது. அவர் எழுந்து வந்து என் தோளின் முன்பக்கத்தைத் தடவினார், பிறகு பின்பக்கம் விரலை வைத்து அழுத்தினார். பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இன்னொரு படம் வேணும். கையைக் கொஞ்சம் உடம்புலேர்ந்து தள்ளி வச்சு, அக்குள் பக்கமா எடுக்கணும். வலிக்கும், பொறுத்துக்குங்க.”

வலித்தது. அந்தப் படத்தில் எல்லாம் தெரிந்தது. தோளின் உருண்டை எலும்பு அதன் இடத்தில் இல்லை. பின்பக்கம் நழுவி, கிண்ணத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

அவர் காகிதத்தில் வரைந்து காட்டிப் புரியவைத்ததை நான் இங்கே என் வார்த்தையில் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமானது. தொடையெலும்பின் தலை அதில் நன்றாக இறங்கி உட்கார்ந்திருக்கும், சுலபத்தில் நழுவாது. தோள் அப்படி இல்லை. சோடா மூடியின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. கையை நாலாபக்கமும் சுழற்ற முடிகிறதே, அதற்காக அந்தக் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கிறது. சுற்றியிருக்கும் தசைகளும் நார்களும்தான் உருண்டையைப் பிடித்து வைத்திருக்கின்றன. கீழே விழுந்தால் பெரும்பாலும் முன்பக்கம்தான் நழுவும். அப்போது தோள் புடைத்து நிற்கும், வழியில் போகிறவர்கூடக் கண்டுபிடிப்பார். கரண்ட் அடித்தாலோ வலிப்பு வந்தாலோ உடம்பின் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். கையை உள்பக்கம் திருப்பும் தசைகள் வெளிப்பக்கம் திருப்புவதைவிடப் பலமானவை. அவை ஜெயித்து உருண்டையைப் பின்னால் தள்ளிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. முன்பக்கம் எடுத்த படத்திலும் சட்டென்று தெரியாது.

“சட்டுன்னு தெரியாதுன்னா, நல்லாப் பார்த்தா தெரியுமா?” என்றேன்.

அவர் பழைய படத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். “தோளெலும்போட தலை சாதாரணமா கைத்தடியோட பிடி மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சு தெரியும். இதுல பாருங்க, பல்பு மாதிரி உருண்டையா இருக்கு. உள்பக்கம் திரும்பி நின்னா அப்படித்தான் தெரியும்.” சொல்லிவிட்டுப் படத்தை உறைக்குள் போட்டார். “நிறையப் பேர் தவற விடறாங்கம்மா.”

முதல் நாளே பார்த்திருந்தால் மயக்கம் கொடுத்து மெதுவாக இழுத்து உட்காரவைத்திருக்கலாம், கத்தியே வைக்கத் தேவையில்லை என்று பெரிய டாக்டர் பிறகு சொன்னார். இப்போது அது முடியாது. உருண்டை கிண்ணத்தின் விளிம்பில் இத்தனை நாளாக அழுந்திக் கிடந்ததால் அதில் பள்ளம் விழுந்துவிட்டது. மெழுகு ஒத்தடம் கொடுத்துக் கையை வெளிப்பக்கம் தள்ளினார்களே, ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பு எலும்புக்குள் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். இதை அவர் சொல்லவில்லை. நானே கேட்டேன், “இருக்கலாம்” என்றார். நான் அலறியது பயத்தால் இல்லை என்று அன்றைக்கு என்னிடம் ஒருத்தர் ஒப்புக்கொண்டது போல இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

முருகேசனுக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் என்றதும் அவர் போனை வைத்துவிட்டார். கோபமா, வெட்கமா, தெரியவில்லை. அன்று ராத்திரியே வந்தார். கையில் ஒரு பையில் தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் இருந்தது. “துன்னு, ஆறிப்பூடும்” என்றார். அவரே பிட்டு ஊட்டினார். நான் சாப்பிட்டேன். பசித்தது.

பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் வரக்கூடியவள் அண்ணி ஒருத்திதான். பாயும் சொம்புமாக வந்து என் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டாள். என் உள்பாவாடையைத் துவைத்தாள், என்னைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், நர்ஸ் ஊசி போட மறந்தால் தெலுங்கில் சண்டை பிடித்தாள். எல்லாம் செய்தாள். மன்னிப்பு மாதிரி ஒன்றும் சொல்லவில்லை.

“இம்மாம் பெரிய விஷயத்தை முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி உனுக்கு?” என்றாள் ஒரு மத்தியானம், எனக்குச் சோறு பிசைந்துகொண்டே.

“சொன்னேனே அண்ணி.”

“அழுத்திச் சொல்லணும்.”

பக்கத்துக் கட்டிலில் கபடி ஆடி முழங்கால் நாரை அறுத்துக்கொண்ட ஒரு காலேஜ் பெண் இருந்தாள். அவள் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். முழங்கால் கீல் மாதிரி, மடக்கவும் நீட்டவும்தான் சம்மதிக்கும், பாதம் தரையில் நிற்கும்போது உடம்பு திரும்பினால் உள்ளே இருக்கும் நார் அறும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கீழே விழுந்தபோது உள்ளே ‘டப்’ என்று கேட்டதாம். அவளையும் கோச் எழுந்து ஓடச் சொன்னாராம்.

கார்வேட்டிநகரம் பக்கத்திலிருந்து என்னைப் பெற்ற நைனா பஸ் மாறி வந்தார். கூலி வேலையில் காய்த்த கை அவருடையது. என் தலையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நாள்கணக்கில் வாராத தலை, சிக்குப் பிடித்துக் கிடந்தது. அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் என் பையில் சீப்பைத் தேடி எடுத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். வார்டில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

“நோவுதா?” என்றார்.

“இல்ல நைனா.”

“நோவுதுன்னா சொல்லு. நிறுத்திடறேன்.”

இந்த நோயில் நான் அழுத நேரங்கள் நிறைய. அதிகமாக அழுதது அப்போதுதான்.

ஆபரேஷனில் தோளை முன்பக்கம் கிழித்து, மாட்டிக்கொண்டிருந்த உருண்டையை நெம்பி விடுவித்து, கிண்ணத்தில் உட்காரவைத்தார்கள். பள்ளத்தை அப்படியே விட்டால் திரும்ப நழுவும். அதனால் பக்கத்துத் தசை ஒன்றை அது ஒட்டியிருந்த சின்ன எலும்புத் துண்டோடு எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்து ஸ்க்ரூ போட்டு அடைத்தார்கள். அரசாங்கத்தின் இலவச வைத்தியக் கார்டு இருந்ததால் ஆஸ்பத்திரிச் செலவு எங்கள் தலையில் விழவில்லை. மயக்கம் தெளிந்தபோது முன்கை வயிற்றின் மேல் இல்லை. கைகுலுக்க நீட்டியது போல நேராக முன்னால் நின்றது, அப்படியே பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த நிலையில்தான் பல வாரம் இருந்தேன். பஸ்ஸில் ஊருக்குத் திரும்பியபோது எதிரே வந்தவர்கள் எல்லாரையும் அந்தக் கை இடித்தது.

அதன்பிறகு மறுபடி பிசியோதெரபி, இந்தத் தடவை நிஜமான காரணத்துக்காக. இப்போது கை தோள் உயரத்துக்குமேல் கொஞ்சம் போகிறது. வெளிப்பக்கம் பாதிதான் திரும்புகிறது. தலையை இடது கையால் வாரிக்கொள்கிறேன், பின்னல் போட முடியாது, கொண்டைதான். கனமான கூடையைத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாங்காய்க் காலத்தில் மாம்பழக் கூழ் பேக்டரிக்கு வேலைக்குப் போவேன். அங்கே எல்லாமே கூடை தூக்குவதுதான். அந்த வேலை போய்விட்டது.

தையல் பிரித்துக் கை கொஞ்சம் ஆறியதும் சித்தூர் டாக்டரிடம் போனேன். எதற்குப் போகிறாய் என்று முருகேசன் கேட்டார். பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். என் முறை வரும்வரை உட்கார்ந்திருந்து, உள்ளே போய், அவர் எடுத்த படத்தையும் திருப்பதியில் எடுத்ததையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

இந்தத் தடவை நன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இது அப்புறமா நழுவியிருக்கும்” என்றார்.

“அன்னிக்குப் படத்துலயே பல்பு மாதிரி தெரியுதாம் சார்.”

“யார் சொன்னது?”

“அங்க படிக்கிற பொண்ணு.”

அவர் இரண்டு படங்களையும் உறைக்குள் போட்டு என் பக்கம் தள்ளினார். “இப்ப சரியாயிடுச்சு இல்ல? அதைப் பாருங்க.” பிறகு கதவைப் பார்த்து, வெளியே சீட்டுக் கொடுப்பவளிடம், “இவங்ககிட்ட இன்னிக்கு பீஸ் வாங்காதே” என்றார். அடுத்த நோயாளி அதற்குள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். நான் எழுந்துவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

போன மாதம் எங்கள் ஊரில் இன்னொருத்தருக்கு மோட்டார் பெட்டியில் கரண்ட் அடித்தது. அவர் மனைவி தேவகி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். புருஷனுக்குக் கை திரும்பவில்லை, டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார், என்ன செய்வது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் முருகேசன் ஆரம்பித்துவிட்டார்.

“இங்கே எல்லாரும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்கோ தேவகி. நான் விடலியே. இது இன்னாமோ உள்ளே முட்டுதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிப்போச்சு. நேரா திருப்பதிக்குக் கூட்டிக்கினு போய்ட்டேன்.”

சொந்தக்காரர்களிடமும் டீக்கடையிலும் அவர் இதைச் சொல்லி நான் முன்பே கேட்டிருக்கிறேன். பேசாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு இருக்கமுடியவில்லை. இவளும் தன் புருஷனை நம்பாமல் போய்விடக்கூடாது என்று தோன்றியது.

“அவரு வரல” என்றேன். “நான் சொன்னதை யாரும் நம்பல. அவரும் நம்பல. நான் தனியாத்தான் போனேன். நீ உன் வீட்டுக்காரரு சொல்றதை நம்பு. இன்னிக்கே கூட்டிக்கினு போ. கையை ஒடம்புலேர்ந்து தள்ளி வச்சி அக்குள் பக்கமா ஒரு படம் எடுக்கச் சொல்லு. தேவையில்லன்னு சொன்னா எழுந்து வந்துடாதே, அங்கேயே உட்கார்ந்துக்க.”

தேவகி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று எழுந்து போனார்.

அதற்குப்பிறகு நான் இருக்கும் இடத்தில் அவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை. நான் இல்லாத இடங்களில் இன்னமும் என்னைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருப்பார்.